வாயில் காப்போன் தர்மம்

சென்னையிலிருந்து திருச்சி நெடுஞ்சாலையில் தெற்கே புறப்பட்டு, தாம்பரத்தையும் கூடுவாஞ்சேரியையும் மறைமலைநகரையும் கடந்து சிங்கப்பெருமாள் கோவிலை அடைகிறவர், அங்கே மேற்கே பிரியும் சாலையில் திரும்பினால் ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூருக்குப் போய்ச் சேரலாம். அச்சாலையின் ஒரு முனையில், பல்லவர் காலத்துக் குடைவரையில், நெற்றிக்கண்ணோடு வீற்றிருக்கிறார் பாடலாத்ரி நரசிம்மர். கருவறை மலையோடு மலையாக இருப்பதால், அவரை வலம்வர விரும்புவோர் குன்றையே வலம்வர வேண்டும். மறுமுனையில் இருப்பது இராமாநுஜர் அவதரித்த ஊர். இவ்விரு தலங்களுக்கும் நடுவே, ஏரியும் கழனியுமாக இருந்த நிலத்தில், இன்று மோட்டார் தொழிற்சாலைகளும், சரக்குக் கிடங்குகளும், லாரிகள் வந்து நிற்கும் விசாலமான முற்றங்களும் எழுந்துள்ளன. இத்தகைய கட்டடங்களில் இப்போது இடம்பெற்று வரும் அதிவேகக் கதவு என்னும் யந்திரத்தை யாரும் நின்று நோக்குவதில்லை. ஆயினும், ஒருவனை வாயிலில் தடுத்து நிறுத்துவது எப்போது தர்மமாகும், எப்போது அதர்மமாகும் என்னும் பழைய வினாவை ஆராயப் புகுந்தவனுக்கு அதைவிடத் தெளிவான திருஷ்டாந்தம் கிடைப்பது அரிது.

பாலாற்றுக்குத் தெற்கே மாமண்டூரில் உள்ளதைப் போன்ற குளிர்பான ஆலை ஒன்றை மனத்தில் கொள்வோம். புட்டிகளில் பானத்தை நிரப்பி மூடியிடும் அறை, தூசியும் ஈயும் வெளியே வீசும் அனற்காற்றும் அணுகாதபடி காக்கப்பட வேண்டிய இடம். அதை ஒட்டிய கிடங்கோ, ஃபோர்க்லிஃப்ட் வண்டிகள் பெட்டிகளைச் சுமந்து ஓயாமல் போய்வரும் இடம். இடையே கனத்த இரும்புக் கதவை வைத்தால், ஒவ்வொரு முறையும் திறந்து மூடும் சிரமத்துக்குச் சலித்து அதைத் திறந்தபடியே விட்டுவிடுவது மனித சுபாவம். சுவரை எழுப்பினாலோ தொழிலே நின்றுவிடும். இந்தச் சங்கடத்தைத் தீர்க்க வந்ததே, மேலே உள்ள உருளையில் மோட்டாரால் சுருட்டப்படும் பிவிசி பூசிய துணித்திரை. தரையில் புதைத்த கம்பிச்சுருள் வண்டியின் உலோகத்தை உணர்ந்த கணமே, அது நொடிக்கு ஒரு மீட்டர் முதல் இரண்டு மீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் உயர்ந்து, மூன்று மீட்டர் உயர வாயிலை இரண்டு மூன்று நொடியில் திறந்து விடுகிறது. இறங்கும்போது அந்த வேகம் பெரும்பாலும் இல்லை. ஏறக்குறையப் பாதி வேகத்திலேயே இறங்குகிறது. குறுக்கே ஓடும் கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கதிரில் ஒருவர் கால் பட்டாலும், இறங்கும் திரை உடனே மேலெழுகிறது. வண்டி தவறி மோதினால் உடையாமல் தன் தடத்திலிருந்து கழன்றுகொண்டு, அடுத்த முறை உயரும்போது தானாகவே தடத்தில் சேர்ந்துகொள்ளும் திரைகளும் உண்டு.

இனிப் புராணத்துக்கு வருவோம். நரசிம்மாவதாரத்தை நாம் தூணிலிருந்து தொடங்கிச் சொல்வது வழக்கம். பாகவதமோ அதன் காரணத்தை ஒரு வாயிலில் வைக்கிறது. ஆறு வாயில்களைத் தடையின்றிக் கடந்து வைகுண்டத்தின் ஏழாம் வாயிலை அடைந்த சனகாதி முனிவர் நால்வரையும், அவர்களுடைய பாலவடிவத்தையும் ஆடையில்லா மேனியையும் கண்டு, ஜய விஜயர்கள் தடுத்தார்கள், முனிவர்கள் சபித்தார்கள், காவலர் இருவரும் முதற் பிறவியில் இரணியாட்சனாகவும் இரணியகசிபுவாகவும் பிறந்தார்கள். அவ்விரணியனே, உள்ளேயும் புறத்தேயும், பகலிலும் இரவிலும் தன் மரணம் நிகழலாகாது என்று வரம் பெற்று, அந்தி வேளையில் வாயிற்படியில் வைத்து நரசிம்மரால் சம்ஹாரம் செய்யப்பட்டான். வாயிலில் செய்த அபசாரத்தின் விளைவு வாயிலிலேயே வந்து முடிந்தது. அக்காவலர் செய்த குற்றந்தான் என்ன? தடுப்பது அவர்களுடைய நியமனம்; அதற்காக அவர்களைக் குறைகூற இயலாது. பகவானுடைய நிறைவுக்கு எந்த ஹானியும் எவராலும் விளைய முடியாத ஓரிடத்தில் ஹானியைச் சந்தேகித்ததும், வந்தவர்களின் தகுதியை உடல் தோற்றத்தைக் கொண்டு நிர்ணயித்ததும், அந்த நிர்ணயத்துக்குத் தங்கள் பதவியின் அஹங்காரத்தைத் துணையாகக் கொண்டதுமே குற்றம்.

அப்படியானால் அஹங்காரமே இல்லாத யந்திரம் காவலருள் உத்தமம் ஆகாதா என்று ஒருவர் கேட்கலாம். தானே திறக்கும் கதவு என்னும் கற்பனை, வியக்கத்தக்க வகையில், ஆலயத்தைச் சார்ந்தே தோன்றியது. கி.பி. முதல் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த ஹீரோன் என்னும் அறிஞர், பலிபீடத்தில் தீ மூட்டினால் வெப்பமுற்ற காற்று விரிந்து நீரை ஒரு வாளிக்குள் தள்ளவும், வாளியின் பாரம் கயிறுகளை இழுத்து ஆலயக் கதவுகளைத் திறக்கவும், தீ அணைந்ததும் அவை மூடிக்கொள்ளவுமான ஏற்பாட்டை விவரித்துள்ளார். அந்தக் கதவுக்குப் பக்தனும் தெரியாது, வேடதாரியும் தெரியாது. தீ எரிந்தால் திறக்கும். தரைச்சுருளை நம்பியிருக்கும் இன்றைய கதவும், வண்டிக்குத் திறந்து, கால்நடையாக வரும் கூலியாளுக்குத் திறவாமல் இருக்கலாம். அது அவமதிப்பன்று, அவனை உணரும் கருவி அதற்கு வைக்கப்படவில்லை. ஆகவே யந்திரத்துக்கு அஹங்காரம் இல்லாததைப் போலவே விவேகமும் இல்லை. நடந்து வருபவனுக்கு ஒரு தனி வாயில் வேண்டும் என்று நினைத்தவனுக்கே அதன் புண்ணியம், நினையாதவனுக்கே பாவம். கதவு குற்றமற்றது என்பதால் அதை அமைத்தவனும் குற்றமற்றவன் ஆகிவிடமாட்டான்.

இங்கே சுத்தம் என்பதைப் பற்றிய ஆராய்ச்சி அவசியமாகிறது. ஆலையின் கதவு காப்பதும் சுத்தம். ஆலயத்தின் கதவு காப்பதாகச் சொல்லிக்கொண்டதும் சுத்தம். ஆயினும், நிரப்பும் அறையில் பிரவேசிக்கிறவனிடம் ஆலை கேட்பது, கையைக் கழுவினாயா, தலையுறை அணிந்தாயா, காலணியை மாற்றினாயா என்பதே. எவன் மகன் என்று அது கேட்பதில்லை. அங்கே அசுத்தம் என்பது நீக்கத்தக்க ஒரு நிலை; நீரும் சோப்பும் அதற்குப் பரிகாரம். நம் கோயில் வாயில்களிலோ, பல நூற்றாண்டுகளாக, எந்த நீராலும் கழுவ முடியாத பிறப்பையே அசுத்தமாக்கி, கோடிக்கணக்கான மக்களை வெளியே நிறுத்தி வைத்தோம். திருவிதாங்கூரில் 1936 நவம்பர் 12ஆம் நாள் வெளியான, ஆலயங்களை அவர்களுக்குத் திறந்துவிட்ட அரச பிரகடனமும், 1939 ஜூலை 8ஆம் நாள் வைத்தியநாத ஐயர் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நிகழ்த்திய ஆலயப் பிரவேசமும் நம் நினைவுக்கு எட்டிய காலத்துச் செய்திகள். அந்நாள்வரை நின்ற காவல், ஜய விஜயர்களின் காவலைப் போன்றதே. தோற்றத்தைக் கண்டு தடுத்தவர்கள் அவர்கள், குலத்தைக் கேட்டுத் தடுத்தவர்கள் நாம்.

இதற்கு ஓர் ஆட்சேபம் உண்டு. அது எளிதில் தள்ளத்தக்கதன்று. ஆன்மிக விஷயத்தில் அதிகாரி பேதம் வேண்டாமா? வந்தவர்க்கெல்லாம் நொடியில் திறக்கும் வாயிலில் நுழைந்தவனுக்கு, உள்ளே கண்டதன் அருமை தெரியுமா? திருமறைக்காட்டில் அடைத்துக் கிடந்த கதவு திறக்க அப்பர் பெருமான் ஒரு பதிகம் முழுவதும் பாடிக் காத்திருக்க நேர்ந்தது. அதே கதவு சம்பந்தரின் முதற் பாட்டிலேயே மூடிக்கொண்டது. ஆலைக் கதவு திறப்பதில் விரைவும் மூடுவதில் நிதானமும் கொண்டது. அந்த ஆலயக் கதவோ அதற்கு நேர்மாறானது. பொருளுக்குக் காத்திருப்பினால் கேடே உண்டு. மனிதன் காத்திருப்பினால் பக்குவப்படுகிறான் என்பதை நாம் மறுக்கலாகாது. ஆனால் அப்பரைக் காத்திருக்கச் செய்தது அவருடைய குலமன்று; அவர் பாடலாம், பாடினால் திறக்கும் என்னும் வழி அவர்முன் இருந்தது. ஸ்ரீபெரும்புதூரில் அவதரித்த மகானுடைய சரித்திரம் இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. திருக்கோஷ்டியூர் நம்பியிடம் 18 முறை நடந்து ரகசியார்த்தத்தைப் பெற்றவர், அதைக் கோபுரத்தின் மேலேறி, ஆசையுடையோர்க்கெல்லாம் அறிவித்தார் என்பது குருபரம்பரை கூறும் வரலாறு. தாம் காத்திருந்ததை அவர் வீண் என்று சொல்லவில்லை. தம் காத்திருப்பை மற்றவர் மீது சுமத்தவும் இல்லை. ஆசை என்னும் ஒன்றை மட்டும் அதிகாரமாக வைத்தார். அதை வேண்டுகிற எவரும் அப்பொழுதே அடைந்துவிடலாம்.

ஆலை கற்பிக்கும் சூட்சுமம் இன்னும் ஒன்று உண்டு. மிகுந்த சுத்தம் வேண்டும் நிரப்பும் அறைகளில், வடிகட்டிய காற்றை இடைவிடாமல் செலுத்தி, உள்ளே இருக்கும் அழுத்தம் வெளியே உள்ளதைவிடச் சற்று மிகுந்திருக்குமாறு செய்வார்கள். அதனால் கதவு திறக்கும்போது வெளிக்காற்று உள்ளே பாய்வதில்லை; உள்ளிருக்கும் தூய காற்றே வெளியே பெருகுகிறது. கதவை மட்டும் நம்பியிருக்கும் தூய்மை, ஒவ்வொரு முறை திறக்கும்போதும் குறைகிறது. தன் நிறைவை நம்பியிருக்கும் தூய்மையோ திறப்பதற்கு அஞ்ச வேண்டியதில்லை. சமயங்களும் சமூகங்களும் எக்காலத்தில் காவலைப் பலப்படுத்தினவோ, அக்காலத்திலேயே அவற்றின் உள்ளழுத்தம் குறைந்திருந்தது என்று கருத இடமுண்டு.

எனவே கோயிலாயினும், கல்விச்சாலையாயினும், உத்தியோகசாலையாயினும், அதன் வாயிலைச் சோதிக்க ஒரு கேள்வி போதும் என்று தோன்றுகிறது. வெளியே நிற்கும் ஒருவன், 'நான் என்ன செய்தால் உள்ளே வரலாம்?' என்று கேட்டால், அவனால் செய்யக்கூடிய ஒன்றை விடையாகச் சொல்லக் காவலனுக்கு இயல வேண்டும். கையைக் கழுவு, பாடு, ஆசைப்படு என்று ஏதேனும் ஒரு விடை இருக்குமாயின், அந்தக் காவல் எவ்வளவு கண்டிப்பானதாயினும் தர்மமே. விடையாகச் சொல்ல அவன் பிறப்பையோ வறுமையையோ அன்றி வேறொன்றும் இல்லையாயின், அங்கே நிற்கும் காவலன் எவ்வளவு பழைய நியமனத்தைக் காட்டினாலும், சாபத்துக்கு உரியவனே.