ஏழாமவர் யார்?

தாம்பரம், சேலையூர், முடிச்சூர் வட்டாரத்தில் மனை விலை பேசுவோர் கிரவுண்டுக் கணக்கிலேயே பேசுவர். 2400 சதுர அடி கொண்ட அந்த அளவு இரண்டு முதல் ஆறு பேர் வரை எத்தனை பேருக்கும் மிச்சமின்றிப் பிரியும். ஏழு பேர் என்றால்தான் ஆளுக்கு 342 சதுர அடி போக, ஆறு சதுர அடி எவருக்கும் சேராமல் நிற்கும். ஓர் எண்ணை மீதியின்றி வகுப்பவை அதன் காரணிகள். 2400க்கு அவை 36.

தன்னினும் சிறிய எந்த எண்ணுக்கும் இல்லாத அளவுக்குக் காரணிகளைப் பெற்ற எண்களைத் தனி இனமாக ஆராய்ந்து, ராமானுஜன் 1915இல் லண்டன் கணிதக் கழகத்தின் இதழில் நீண்ட கட்டுரை எழுதினார். அதிலுள்ள பட்டியல் 6746328388800 வரை செல்கிறது. இடையில் 293318625600 என்ற ஒன்று மட்டும் விடுபட்டுப்போயிற்று. விடுபட்ட அந்த எண்ணே இங்கே கவனத்துக்குரியது. 2 ஆறு முறை, 3 நான்கு முறை, 5ம் 7ம் இரண்டிரண்டு முறை, 11, 13, 17, 19 ஒவ்வொரு முறை எனப் பெருக்கினால் கிடைக்கும் அதற்கு 5040 காரணிகள் உண்டு. ஒருவர் முதல் இருபத்திரண்டு பேர் வரை எத்தனை பேர் கேட்டாலும் அது சமமாகப் பிரியும். இருபத்து மூன்று பேர் என்றதும் கை விரிக்கிறது, ஏனெனில் 23 ஒன்றாலும் தன்னாலும் மட்டுமே வகுபடும் பகா எண், அது இந்தப் பெருக்கலில் இடம்பெறவில்லை. அதையும் சேர்த்துப் பெருக்கினால் ராமானுஜன் பட்டியலின் கடைசி எண்ணே வந்துவிடுகிறது. ஆனால் அதுவும் இருபத்தொன்பது பேரிடம் தோற்கும். பகா எண்களுக்கு முடிவில்லையாதலால், எல்லோருக்கும் பிரிந்துகொடுக்கும் எண் என்று ஒன்று இருக்கவே முடியாது.

பாகப்பிரிவினையில் இந்தக் கணக்கு வேறு முகம் காட்டுகிறது. 1989இல் தமிழ்நாட்டுச் சட்டத் திருத்தம் பூர்விகச் சொத்தில் மணமாகாத மகளுக்கும், 2005இல் மத்தியத் திருத்தம் எல்லா மகள்களுக்கும் மகனுக்கு இணையான பங்கைத் தந்தபின், வகுக்கும் எண் பெரிதாயிற்று. அண்ணன் தம்பி நால்வர் பங்கு போட்டபோது எழாத பேச்சு, சகோதரிகள் மூவரும் சேர்ந்ததும் எழுகிறது: மனை துண்டுதுண்டாகிவிடும், யாருக்கும் உருப்படியாக எதுவும் தேறாது என்கிறார்கள். கணக்களவில் அது பொய்யன்று. ஆயினும் ஏழு பேரில் ஏழாமவர் யார் என்பதை எண் சொல்வதில்லை; மிஞ்சும் ஆறு சதுர அடிக்கு மூத்த மகனும் கடைசி மகளும் ஒரே அளவில்தான் காரணம். அப்படியிருக்க, தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்திடச் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அழைக்கப்படுபவர் பெரும்பாலும் சகோதரியே.

அதே மனையை அடுக்குமாடி கட்டக் கொடுத்தால், ஒவ்வொரு வீட்டுக்கும் உரிய பிரிபடாத பாகம் சதுர அடியின் பின்னம் வரை கணக்கிடப்பட்டுப் பத்திரத்தில் ஏறுகிறது. 2400 ஏழால் வகுபடாதது அப்போது எவருக்கும் இடைஞ்சலாகத் தோன்றுவதில்லை.