பொற்கிண்ணத்தில் வந்த பால்

குழந்தை குடித்த பாலை மறுநிமிடமே கக்கிவிட்டால் வீட்டில் முதலில் விசாரிக்கப்படுபவள் தாய். என்ன தின்றாய், பத்தியம் தவறியதா, தலைக்குக் குளித்த ஈரத்தோடு பிள்ளையை எடுத்தாயா, படுத்துக்கொண்டே பால் கொடுத்தாயா என்று கேள்விகள் வரிசையாக வரும். பால் போதவில்லை என்றாலோ, பிள்ளை மார்பைப் பிடிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாலோ, அதே கேள்விகள் இன்னும் கூர்மையாகிவிடும். கேட்பவர்கள் பெரும்பாலும் பாசத்தோடுதான் கேட்கிறார்கள். ஆனால் அந்தக் கேள்விகளைக் கேட்டுக் கேட்டு, பிள்ளை பெற்ற சில வாரங்களிலேயே அவள் தன்னைத்தானே கேட்டுக்கொள்ளத் தொடங்குகிறாள்: நான் என்ன பாவம் செய்தேன்? இந்தக் கேள்விக்குள் ஒரு பெரிய நம்பிக்கை ஒளிந்திருக்கிறது. பால் என்பது தாயின் அன்புக்கும் தகுதிக்கும் சாட்சி; அது தடையின்றிச் சுரந்து பிள்ளையின் வயிற்றில் தங்கினால் அவள் நல்ல தாய்; தங்காவிட்டால் எங்கோ ஒரு குறை இருக்கிறது என்பதே அது. சமயத்தின் பெயராலும் மரபின் பெயராலும் சொல்லப்படுவதால் இந்த நம்பிக்கைக்கு ஒரு புனிதம் கிடைத்துவிட்டது. இதற்கு உடலியலில் ஆதாரம் இல்லை. அதைவிட முக்கியமாக, எந்தச் சமயங்களின் பெயரால் சொல்கிறோமோ அந்தச் சமயங்களிலும் ஆதாரம் இல்லை.

முதலில் கக்கலை எடுத்துக்கொள்வோம். உணவுக்குழாய் இரைப்பையோடு சேரும் இடத்தில் ஒரு தசைவளையம் இருக்கிறது. பச்சிளங்குழந்தைக்கு அது அடிக்கடி தானாகவே தளர்ந்து திறந்துகொள்ளும். குழந்தையின் உணவோ முழுக்கத் திரவம். நாளின் பெரும்பகுதி அது படுத்தே கிடக்கிறது. இரைப்பையும் மிகச் சிறியது. பால் எதுக்களித்து வராமல் இருந்தால்தான் வியப்பு. மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைகளில் ஏறத்தாழ பாதிப் பேர் நாளுக்கு ஒரு முறையாவது கக்குகிறார்கள். நான்காம் மாதத்தையொட்டி இது உச்சத்துக்குப் போய், உட்காரவும் நிற்கவும் பழகும்போது குறைந்து, ஒரு வயது நிறைவதற்குள் பெரும்பாலோருக்கு நின்றுவிடுகிறது. 2009-இல் வெளியான ஓர் ஆய்வு இங்கே சிந்திக்கத்தக்கது. எதுக்களிப்பால் அழுது அவதிப்படுவதாகக் கருதப்பட்ட 162 குழந்தைகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு அமிலத்தைக் குறைக்கும் லான்சோபிரசோல் மருந்தும், மறுபாதிக்கு மருந்தில்லாப் போலி மருந்தும் கொடுத்தார்கள். இரு பக்கத்திலும் தேறியவர்கள் சரியாக 54 சதவீதம். கடுமையான பக்கவிளைவுகளும் மார்புத் தொற்றும் மருந்து பெற்ற பக்கத்தில்தான் அதிகம். மருந்து வாங்கிய வீட்டில் மருந்து குணமாக்கியது என்றிருப்பார்கள். மந்திரித்த வீட்டில் மந்திரம் என்றிருப்பார்கள். பத்தியத்தை இறுக்கிய வீட்டில் பத்தியம் என்றிருப்பார்கள். பாதிக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு நாட்கள் நகர்ந்ததே போதுமானதாக இருந்திருக்கிறது. தானே தேறும் ஒன்றுக்குப் புகழைப் பிறருக்குக் கொடுத்துவிட்டு, தேறும்வரை உள்ள பழியைத் தாயிடம் கொடுப்பது எந்த நியாயத்தில் சேரும்?

பத்தியம் பற்றிய கேள்வி எப்போதும் வீண் என்று சொல்ல மாட்டேன். மிகச் சில குழந்தைகளுக்குப் பசும்பாலின் புரதம் ஒவ்வாமல் போகும். தாய் குடிக்கும் பால் வழியாகவே அது பிள்ளைக்குப் போய்ச் சேரும். அப்போது மருத்துவர் தாயைச் சில வாரம் பால், தயிர், மோரை நிறுத்திப் பார்க்கச் சொல்வார். ஆனால் அது ஒரு சோதனை. முடிவு தெரிந்ததும் விட்டுவிடலாம், அல்லது தொடரலாம். குற்றச்சாட்டுக்கு அப்படி முடிவு கிடையாது.

பால் போதாமை இன்னும் ஆழமான சிக்கல். இங்கே மரபிலிருந்தே ஒரு வலுவான எதிர்வாதம் எழும். பாலின்மைக்குக் காரணங்களைச் சொல்லும் சுசுருத சம்ஹிதை கோபத்தையும் துயரத்தையும் சொல்வதோடு, பிள்ளையிடம் பாசமின்மையையும் சேர்த்தே சொல்கிறது. அப்படியானால் பால் வற்றுவது அன்பு வற்றியதன் அடையாளம் என்று ஒருவர் வாதிடலாம். மனநிலைக்கும் பாலுக்கும் தொடர்பு உண்டு என்று கண்டுகொண்ட அந்தப் பழைய மருத்துவர்களின் கூர்மையை நான் மதிக்கிறேன். தொடர்பு உண்மையிலேயே இருக்கிறது. ஆனால் அது எப்படிப்பட்ட தொடர்பு என்பதை 1948-இல் நியூட்டன் தம்பதியர் வெளியிட்ட ஆய்வு காட்டியது. ஒரே தாய், ஒரே குழந்தை. சில நாட்கள் அவளை அமைதியாகப் பாலூட்ட விட்டார்கள். சில நாட்கள் பாலூட்டும்போது பாதங்களைப் பனிக்கட்டி நீரில் வைப்பது போன்ற தொந்தரவுகளைக் கொடுத்தார்கள். தொந்தரவு நாட்களில் குழந்தைக்குக் கிடைத்த பால் வெகுவாகக் குறைந்தது. அதே தொந்தரவோடு ஆக்சிடோசின் ஊசி போட்டபோது ஏறக்குறைய பழைய அளவு திரும்ப வந்தது. பால் உள்ளே இருந்தது. அதை வெளியே தள்ளும் சுரப்புதான் தடைப்பட்டிருந்தது. அமைதியான நாளுக்கும் தொந்தரவு நாளுக்கும் இடையில் அந்தத் தாயின் அன்பு குறைந்திருக்க வழியில்லை. ஆகவே சுசுருதர் வரிசையில் கோபமும் துயரமும் இந்தச் சோதனைக்குத் தாக்குப்பிடிக்கின்றன, பாசமின்மை தாக்குப்பிடிக்கவில்லை. அது மட்டுமல்ல, பிரசவத்தில் இரத்தம் மிகுதியாகப் போனதாலோ, நஞ்சுக்கொடியின் துண்டு உள்ளே தங்கியதாலோ, மார்பின் சுரப்பித் திசு இயல்பிலேயே குறைவாக அமைந்ததாலோ பால் ஊறாமல் போவதுண்டு. பிள்ளையின் நாக்கு அடியில் ஒட்டியிருந்தால், பால் இருந்தும் அதற்கு இழுக்க வராது. இவை எதையும் அன்பால் திருத்த முடியாது. ‘உனக்குப் பாசம் போதாது’ என்ற சொல் தாயைத் துயரத்தில் தள்ளி, அந்தத் துயரத்தாலேயே பாலைத் தடுத்து, தான் சொன்னது உண்மை என்று தானே நிரூபித்துக்கொள்கிறது. இதைவிடக் கொடிய வாதம் வேறு உண்டா என்று எனக்குத் தெரியவில்லை.

இப்போது சமயத்துக்கு வருவோம். தமிழ்ச் சைவத்தில் மிகப் புகழ்பெற்ற பால் எது? சீர்காழிக் குளக்கரையில் மூன்று வயதுச் சம்பந்தர் குடித்தது. சேக்கிழார் பெரியபுராணத்தில் சொல்லும் வரலாற்றில், பெற்ற தாய் பகவதியார் உயிரோடு வீட்டில் இருக்கிறார். பால் கொடுப்பவள் உமையம்மை. அவளும் மார்பில் அணைத்துக் கொடுக்கவில்லை. தன் பாலைப் பொற்கிண்ணத்தில் கறந்து, அதிலிருந்து ஊட்டுகிறாள். ஞானமே பாலாக வந்த அந்தக் கணத்தில், பெற்றவள் கொடுக்காததைப் பற்றிப் புராணத்தில் ஒரு குறைச்சொல் கிடையாது. கிண்ணத்தில் கொடுத்ததால் அதன் பெருமை குறைந்ததாகவும் இல்லை. பிறந்த சில நாளில் மார்பைப் பிடிக்கத் தெரியாத குழந்தைக்குக் கறந்த பாலைச் சங்கிலோ பாலாடையிலோ புகட்டும் தாய், தான் ஏதோ இரண்டாந்தரமானதைச் செய்வதாக ஏன் குறுக வேண்டும்? முருகனுக்குப் பால் கொடுத்தவர்கள் கார்த்திகைப் பெண்கள் அறுவர். அவர்கள் பெற்றவர்கள் அல்லர். நபிகள் நாயகத்தை வளர்த்துப் பாலூட்டியவர் ஹலீமா. இசுலாத்தின் சட்டப் பார்வை இதில் மிகத் தெளிவானது. குர்ஆனில் அல்பகரா அத்தியாயத்தின் 233-ஆம் வசனம் இரண்டாண்டுப் பாலூட்டலைச் சொல்கிறது. அதே வசனம் பெற்றோர் இருவரும் கலந்து பேசி முன்னதாக நிறுத்தினால் குற்றமில்லை என்றும், வேறொரு பெண்ணைப் பாலூட்டச் சொன்னால் குற்றமில்லை என்றும், எந்த உயிர் மீதும் அதன் சக்திக்கு மேல் சுமை இல்லை என்றும், பிள்ளையைக் காரணமாக வைத்துத் தாயை வருத்தக் கூடாது என்றும் சொல்கிறது. பாலூட்டலைக் கடமையாகப் பேசும் இடத்திலேயே சக்தியின் எல்லையும் பேசப்படுவதைக் கவனிக்க வேண்டும். வேளாங்கண்ணியில் வழங்கும் மரபு எனக்கு இன்னும் நெருக்கமாகப் படுகிறது. பதினாறாம் நூற்றாண்டில், குளக்கரையில் களைத்து உட்கார்ந்திருந்த பால்காரச் சிறுவன் முன் மாதா கைக்குழந்தையோடு தோன்றினாள் என்கிறது அது. தோன்றி என்ன கேட்டாள்? தன் குழந்தைக்குக் கொஞ்சம் பால் கேட்டாள். கன்னி மரியே இன்னொருவர் பாத்திரத்துப் பாலைத் தன் பிள்ளைக்காகக் கேட்டதாக நம்பிக் கும்பிடும் மண்ணில், பால் கேட்க நேர்ந்த ஒரு பெண் தலைகுனிய வேண்டியதில்லை.

இவை அற்புதக் கதைகள், விதிவிலக்குகள். இவற்றைக் கொண்டு நாள்முறை வாழ்க்கையை அளக்கலாமா என்று கேட்கலாம். அற்புதத்தில்தான் ஒரு சமூகம் எதைப் போற்றுகிறது என்பது தெரியும். இந்தக் கதைகள் எல்லாம் போற்றுவது பசித்த பிள்ளையின் வயிறு நிறைந்ததை. யார் உடம்பிலிருந்து வந்தது என்பதை அவை ஒரு தேர்வாக வைக்கவில்லை. இதற்கு எதிராகச் சொல்லத்தக்க சான்று ஒன்று தமிழில் உண்டு என்பதையும் ஒளிக்கக் கூடாது. புறநானூற்றின் 278-ஆம் பாடலில் காக்கைபாடினியார் நச்செள்ளையார் காட்டும் முதியவள், மகன் புறமுதுகிட்டிருந்தால் அவனுக்குப் பாலூட்டிய மார்பை அறுத்தெறிவேன் என்று வஞ்சினம் கூறிக் களம் புகுகிறாள். பாலும் மானமும் அங்கே ஒன்றாகவே பேசப்படுகின்றன. ஆனால் அங்கே சோதிக்கப்படுவது மகனின் வீரம். பால் சுரந்ததா, தங்கியதா என்பது அங்கே கேள்வியே அல்ல. போரையே அளவாக வைத்த ஒரு காலத்தின் சொல்லைப் பச்சிளங்குழந்தையின் இரைப்பைக்கு அளவாக வைப்பது பொருந்தாது. அதே இலக்கிய உலகில் அகப்பாடல்கள் தலைவியை வளர்க்கும் பொறுப்பை நற்றாயை விடச் செவிலியிடமே மிகுதியாகக் கொடுக்கின்றன. மணிமேகலையில் தாய் விட்டுச்சென்ற ஆபுத்திரனை ஒரு பசு ஏழு நாள் பால் கொடுத்துக் காக்கிறது. அவனே பின்னாளில் அமுதசுரபியால் ஊரின் பசி தீர்க்கிறான்.

இன்னொரு தடை வினைக்கொள்கை. எல்லாத் துன்பமும் முன்வினைப் பயன் என்றால், பால் தங்காத துன்பமும் அப்படித்தானே என்பார்கள். வினையை நம்புகிறவர்களும் ஒன்றை ஒப்புவார்கள்: அவரவர் வினை அவரவருக்கு. குழந்தை கக்குவதைத் தாயின் பாவக் கணக்கில் எழுதுவது வினைக்கொள்கையின்படியே இடறுகிறது. பாலி நூல்களில் மோலியசீவகன் என்பவன் புத்தரிடம் இதே கேள்வியைக் கேட்கிறான்: மனிதர் உணரும் இன்பதுன்பம் அனைத்தும் முன்செய்த வினையால்தான் என்று சிலர் சொல்கிறார்களே, உண்மையா? புத்தர் மறுக்கிறார். பித்தத்தாலும் கபத்தாலும் வாதத்தாலும் பருவ மாற்றத்தாலும் எழும் துன்பங்கள் உண்டு, வினை அவற்றில் ஒன்று மட்டுமே என்கிறார். யோவான் நற்செய்தியின் ஒன்பதாம் அதிகாரத்தில், பிறவிக் குருடனைக் கண்ட சீடர்கள் இவன் பாவமா, பெற்றோர் பாவமா என்று கேட்க, இருவர் பாவமும் அல்ல என்கிறார் இயேசு. வினையை ஏற்கும் மரபும் ஏற்காத மரபும், துன்பத்தைக் கண்டதும் யார் குற்றம் என்று தேடும் அவசரத்தை இங்கே ஒருசேரத் தடுக்கின்றன.

கடைசித் தடை சமயம் சார்ந்ததல்ல, ஆனால் எடை கூடியது. தாய்ப்பாலைக் கடமை என்று அழுத்திச் சொல்லாவிட்டால் பால்மாவு நிறுவனங்கள் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும் என்பது. இந்தப் பயம் நியாயமானது. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் என்ற உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரையை நான் முழுதும் ஏற்கிறேன். பால்மாவு விளம்பரத்தைத் தடுக்க இந்தியா 1992-இல் சட்டம் கொண்டுவந்தது சரியே. ஆனால் அந்தச் சட்டம் கட்டுப்படுத்துவது விற்பவர்களை. தாயை அது எங்கும் குற்றவாளி ஆக்கவில்லை. டின் வீட்டுக்குள் எப்படி வருகிறது என்று பார்த்தால், பெரும்பாலும் பழிச்சொல்லின் கையைப் பிடித்துக்கொண்டுதான் வருகிறது. கக்குகிறது, உன் பால் ஒத்துக்கொள்ளவில்லை என்பார்கள். அழுகிறது, உனக்குப் பால் பத்தவில்லை என்பார்கள். நம்பிக்கை இழந்தவள் மாவு கரைப்பாள். மார்பில் குடிப்பது குறையக் குறையப் பால் ஊறுவதும் குறையும். அந்த நேரத்தில் பிள்ளை மார்பைப் பிடிக்கும் விதத்தைப் பார்த்துத் திருத்தித் தரும் ஒரு செவிலியர் வந்திருந்தால் பலருக்கு அந்த டின் தேவைப்பட்டிருக்காது. உண்மையாகவே பால் போதாதவளுக்கும் வழி இருக்கிறது. 1989-இல் மும்பை சயான் மருத்துவமனையில் தொடங்கிய தாய்ப்பால் வங்கி இன்று பல ஊர்களில் இருக்கிறது. குறைமாதத்தில் பிறந்த எத்தனையோ பிள்ளைகள், முகம் தெரியாத தாய்மார் கறந்து கொடுத்த பாலில் பிழைக்கின்றன. அதுவும் இல்லாத இடத்தில் மருத்துவர் சொல்லிக் கொடுக்கும் மாற்றுப் பால், பட்டினியை விட நிச்சயம் மேலானது.

அப்படியானால் தாய்க்குக் கடமையே இல்லையா? உண்டு, ஆனால் அது இயன்றதன் எல்லைக்குள் இருப்பது, வீட்டில் உள்ள எல்லோருக்கும் பங்குள்ளது. குடித்த பின் அரைமணி நேரம் பிள்ளையைத் தோளில் நிமிர்த்தி வைத்து ஏப்பம் எடுக்க மார்பு தேவையில்லை. அப்பாவோ தாத்தாவோ போதும். கக்கும் பிள்ளையையும் மல்லாக்கவே படுக்க வைக்க வேண்டும் என்பதைப் பாட்டியும் தெரிந்துகொள்ள வேண்டும். முதல் வாரம் கடந்த பிறகு நாளுக்கு ஆறு முறையாவது சிறுநீர் போகிறதா, எடை ஏறுகிறதா என்று பார்த்தாலே பால் போதுமா என்ற கேள்விக்குப் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும். பச்சை நிறத்தில் வாந்தி, வாந்தியில் இரத்தம், ஒவ்வொரு முறை குடித்ததும் தூரமாய்ப் பீய்ச்சியடிக்கும் வாந்தி, காய்ச்சல், உப்பிய வயிறு, ஏறாத எடை, துவண்டு கிடத்தல் ஆகியவை சாதாரண எதுக்களிப்பு அல்ல. இவற்றுக்கு அன்றே மருத்துவமனை போக வேண்டும். பழிக்கு அஞ்சும் தாய் இவற்றைச் சொல்லாமல் ஒரு நாள் மறைப்பாள், அடுத்த நாள் தானாகச் சரியாகும் என்று காத்திருப்பாள். பச்சை வாந்தி என்பது குடல் முறுக்கிக்கொண்டதாக இருந்தால், அந்த ஒரு நாள்கூடக் குழந்தைக்குக் கிடையாது.