மீனுக்குக் கிடைத்த முதல் ஆசீர்



ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். இறைவன் முதன்முதலில் ஆசீர்வதித்தது மனிதனை அல்ல. ஐந்தாம் நாளிலே நீர்வாழ் உயிர்களையும் பறவைகளையும் படைத்து, பெருகும்படி அவற்றை ஆசீர்வதித்தார். மனிதனுக்கு அந்த ஆசீர் மறுநாள்தான் கிடைத்தது.

கொட்டியாரக் குடாவில் வலை வீசும் நம் குடும்பங்களின் அடுப்பு எரிவது இந்த ஆசீரினாலேயே. மீன் முட்டையிட்டுப் பெருகினால்தான் கடல் நமக்குத் தரும்.

அந்த ஆசீரையே பறிக்கும் நஞ்சுகள் உண்டு. உயிர்களின் வளர்ச்சியையும் இனப்பெருக்கத்தையும் நடத்துபவை ஓமோன்கள். சில இரசாயனங்கள் ஓமோன்களைப் போல நடித்து உடலை ஏமாற்றுகின்றன. மீன் செத்து மிதக்காது. நீரின் நிறமும் மாறாது. குஞ்சுகள் மட்டும் குறைந்துகொண்டே போகும்.

கப்பலின் அடியில் பாசியும் சிப்பியும் ஒட்டாதிருக்க, ட்ரைபியூட்டைல் டின் என்ற வெள்ளீயச் சேர்வை கலந்த பூச்சு உலகெங்கும் பூசப்பட்டது. அது கரைந்த துறைமுகங்களில் பெண் கடல்நத்தைகள் ஆண் தன்மை அடைந்து, முட்டையிட இயலாது போயின. அப்பூச்சைத் தடுக்கும் சர்வதேச உடன்படிக்கை 2001இல் உருவாகி, 2008இல்தான் நடைமுறைக்கு வந்தது.

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் விஞ்ஞானிகள் 2001 முதல் 2003 வரை ஒரு சிறு ஏரியில், கருத்தடை மாத்திரையிலுள்ள செயற்கைப் பெண் ஓமோனைக் கலந்து சோதித்தனர். ஒரு லீற்றர் நீருக்கு ஒரு கிராமின் நூறு கோடியில் ஐந்தாறு பங்குதான்! ஆண் மீன்கள் பெண் தன்மை கொண்டன. அங்கு ஏராளமாயிருந்த ஒரு சிறுமீன் இனம் ஏறத்தாழ அற்றுப்போயிற்று.

திருகோணமலையோ கப்பல்கள் வந்து தங்கும் ஆழ்துறை. மலைநாட்டில் பிறந்து 335 கிலோமீற்றர் ஓடிவரும் மகாவலியும் கொட்டியாரக் குடாவிலேதான் கடலைச் சேர்கிறது. வழியிலுள்ள வயல்களும் ஊர்களும் ஆற்றில் விடுவது எங்கே வந்து சேரும்? நம் வலைக்குள்தான். இதைச் சொல்வது மீன் உண்ண அஞ்சுவதற்காக அன்று, நீரை மதிப்பதற்காக.

ஆகவே ஆன்ம சோதனை செய்வோம். பூச்சிமருந்துப் போத்தலை வாய்க்காலில் கழுவுகிறோமா? மீந்த மாத்திரைகளை மலகூடத்தில் கொட்டுகிறோமா? வள்ளத்தில் சுரண்டிய பழைய பூச்சைக் கரையிலேயே விடுகிறோமா? "நான் ஒருவன் செய்வதால் கடல் கெட்டுவிடுமா?" என்று கேட்பவர், நூறு கோடியில் ஐந்தாறு பங்கு செய்த வேலையை நினைக்கட்டும். துறைமுகத்தை ஆளும் பெரியோரிடமும் கழிவுநீரைச் சுத்திகரிக்கும்படி கேட்பது நம் உரிமை. பாப்பரசர் பிரான்சிஸ் 2015இல் 'லவுதாத்தோ சி' என்னும் சுற்றுமடலில் உணர்த்தியபடி, அது நம் கடமையுமாகும்.

மனந்தளர வேண்டாம். கனடா ஏரியில் ஓமோன் கலப்பது நின்ற சில ஆண்டுகளில் அந்தச் சிறுமீன் இனம் மீண்டும் பெருகியது. தீமையை நிறுத்தினால், இறைவனின் ஆசீர் மறுபடி பலன் தருகிறது. மனந்திரும்புதல் என்பதும் இதுவே.

இரவெல்லாம் உழைத்தும் வெறும் வலையோடிருந்த இராயப்பருக்கு ஆண்டவர் வலை நிறைய மீன் அளித்தார். நம் பிள்ளைகளின் வலை நம் கைக் குற்றத்தால் வெறுமையாகாதிருக்க அவரே அருள்புரிவாராக. ஆமென்.