அசலைக் கலைத்த மூவர்

விருத்தாசலம் வட்டாரத்து மங்களூர், வேப்பூர் பக்கம் கோயில் திருவிழா மேடையில் மெல்லிசைக் குழுவுக்குக் கிடைக்கும் பெரிய பாராட்டு ஒன்றுதான்: "அச்சு அசலா ரெக்கார்டு மாதிரியே இருக்கு!" புல்லாங்குழல் துண்டு ஒன்று இடம் மாறினாலும் முன்வரிசை முகம் சுளிக்கும். விருத்தாசலம் பீங்கான் பட்டறையில் வார்க்கும் பொம்மைக்கு அந்த அளவுகோல் பொருந்தும். நூறும் ஒன்றுபோல் வந்தால்தான் விலைபோகும். பாட்டுக்கும் அதுவேதானா?

அமெரிக்காவில் தமிழ்ப் பெற்றோருக்கு 1971-இல் பிறந்த ஜாஸ் பியானோ கலைஞர் விஜய் ஐயரிடம் வேறு விடை இருக்கிறது. சிறுவயதில் வயலின் படித்தவர். பியானோ பெரும்பாலும் தானாகப் பழகியது. யேல் பல்கலைக்கழகத்தில் இயற்பியலும் கணிதமும் படித்தார். 2014 முதல் ஹார்வர்டில் பேராசிரியர்.

2009-இல் வெளிவந்த அவருடைய 'ஹிஸ்டாரிசிட்டி' தொகுப்பில் மூன்றே பேர். பாஸ் ஸ்டீஃபன் கிரம்ப், டிரம்ஸ் மார்கஸ் கில்மோர். பாடகர் கிடையாது. 1957-இல் மேடையேறிய 'வெஸ்ட் சைட் ஸ்டோரி' இசைநாடகத்தின் 'சம்வேர்' அதில் உண்டு. ஸ்டீவி வொண்டர் பாட்டும் உண்டு. இவற்றைவிட வியப்பு 'கலாங்'. யாழ்ப்பாணத்தில் குழந்தைப் பருவத்தைக் கழித்து, போரால் லண்டன் சேர்ந்த மாதங்கி அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ. என்ற பெயரில் 2003-இல் வெளியிட்ட பாட்டு. அதன் தாளம் மின்னணுக் கருவி போட்டது. அதை மூன்று மனிதர்கள் கையால் அடித்து வாசிக்கிறார்கள். சொற்கள் போய்விட்டன, முரட்டுத்துடிப்பு போகவில்லை.

இது நமக்குப் புதிதா என்ன? கர்நாடக இசைக் கச்சேரியில், நிரவலில் ஒரே வரியைப் பாடகர் விதவிதமாகப் பிரித்துக் கோக்கும்போது தலையாட்டுகிறோம். சினிமாப் பாட்டு என்றால் மட்டும் கறாராகிவிடுகிறோம். அந்தப் பாட்டில் நம் பதினாறு வயது ஒட்டிக்கொண்டிருக்கிறது. மெட்டு அசைந்தால் அதுவும் அசைகிறது. ஆசை நியாயமானதுதான். ஆனால் அப்போது நாம் காப்பாற்றுவது பாட்டை அல்ல, நம்மை. அப்பா விட்டுப்போன கடையில் பெயர்ப்பலகையைக்கூட மாற்றாத பிள்ளையிடமும் இந்தச் சந்தேகம் எழும்: பக்தியா, பயமா?

அதற்காக யார் எதை வேண்டுமானாலும் சிதைக்கலாம் என்று பொருளில்லை. (ரீமிக்ஸ் என்ற பெயரில் நடந்ததெல்லாம் தெரிந்ததே.) மைக்கேல் ஜாக்சனின் 'ஹியூமன் நேச்சர்' சுமார் 4 நிமிடப் பாட்டு. 2012-இல் இதே மூவர் 'ஆக்செலராண்டோ' தொகுப்பில் அதை இரண்டு மடங்குக்கும் மேலாக நீட்டினார்கள். எவ்வளவு தூரம் போனாலும் மெட்டு கைவிட்டுப் போவதில்லை. மனப்பாடமாகத் தெரிந்தவனுக்குத்தான் அந்தத் துணிச்சல் வரும்.

கேட்க நினைப்பவர்கள் மாதங்கியின் 'கலாங்'கை முதலில் கேளுங்கள், உடனே மூவர் வாசித்ததை. பிடிக்காமல் போகலாம், வரிசையை மட்டும் மாற்றாதீர்கள்.