பால் ஒன்றுதான், பசு?

“பால் எல்லாம் ஒண்ணுதானே, இதுல தெரிஞ்சுக்க என்ன இருக்கு?” என்று கேட்பவர் மீது எனக்குக் கோபமில்லை. பாலைப் பொறுத்தவரை அவர் சொல்வது ஏறக்குறைய சரி. என் கேள்வி வேறு. என் உடம்புக்கு எந்த வித்தியாசமும் செய்யாத ஒன்றைத் தெரிந்துகொள்ள எனக்கு உரிமை உண்டா?

அமெரிக்காவில் இது நீதிமன்றம் வரை போனது. பசுவின் உடலில் இயல்பாகச் சுரக்கும் வளர்ச்சி ஹார்மோனை, மரபணு மாற்றிய பாக்டீரியாவைக் கொண்டு மான்சாண்டோ தயாரித்தது. இரண்டு வாரத்துக்கு ஓர் ஊசி, கறவை கூடும். 1993இல் எஃப்.டி.ஏ. அனுமதி கொடுத்தது. ஊசி போட்ட பசுவின் பால் என்றால் வாங்குபவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று வெர்மான்ட் மாநிலம் சட்டம் போட்டது. 1996இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தடுத்தது. வாங்குபவரின் ஆவல் ஒன்றே, வியாபாரியை விருப்பமில்லாமல் பேச வைக்கப் போதாது என்பது தீர்ப்பின் சாரம்.

அந்த ‘ஆவல்’தான் எனக்கு உறுத்துகிறது. பக்கத்து வீட்டில் என்ன சண்டை என்று காது கொடுப்பது ஆவல். 1999இல் கனடா இதே ஊசியை மறுத்தபோது சொன்ன காரணம் பசுவின் நலம். மடிநோய் வரும் வாய்ப்பு 25 சதவீதம் வரை, நொண்டும் வாய்ப்பு 50 சதவீதம் அளவுக்குக் கூடுகிறது என்றார்கள். வித்தியாசம் டம்ளரில் இல்லை, தொழுவத்தில் இருக்கிறது. திருடின அரிசியும் காசு கொடுத்து வாங்கின அரிசியும் ஒரே மாதிரிதான் வேகும். அதற்காக “இது யார் வீட்டு அரிசி?” என்று கேட்பதை வெறும் ஆவல் என்போமா?

எதிர்வாதம் லேசானதல்ல. அப்படியானால் தீவனம், வேலையாள் கூலி, கன்றைப் பிரித்த நாள் எல்லாவற்றையும் அச்சிட வேண்டுமே, அட்டையில் இடம் ஏது? தவிர, ‘ஹார்மோன் இல்லாத பால்’ என்பதே பொய். எல்லாப் பாலிலும் ஹார்மோன் உண்டு. வீண் பயத்தை விற்பதும் ஏமாற்றுதான். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் விற்பவருக்குத் தெரிந்த, ஒரே வரியில் சொல்லிவிடக்கூடிய விஷயத்தை வாங்குபவர் கேட்டும் மறைப்பதற்கு இது நியாயமாகாது.

சந்தையே தீர்த்துவிட்டது என்பார்கள். ஊசி போடாதவர்கள் அதை அட்டையில் எழுதினார்கள். 2008இல் வால்மார்ட்டும் தன் சொந்தப் பெயரில் விற்கும் பாலை அப்படி மாற்றியது. நல்லதுதான். ஆனால் அதுவரை, கூடுதலாக நாலு காசு கொடுக்க முடிந்தவருக்குத்தான் மனசாட்சியைக் கேட்டு வாங்கும் வசதி இருந்தது.

தெரிந்துகொள்வதில் சுகமொன்றும் இல்லை. தெரிந்தும் மலிவானதை எடுத்தால், அந்தப் பசுவின் நொண்டலில் எனக்கும் பங்கு வருகிறது. தெரியாதவனுக்கு அந்தப் பாரம் கிடையாது. ஆனாலும் எதைச் சுமக்க வேண்டும் என்பதை நான்தான் முடிவு செய்யணும். எனக்குப் பதிலாக விற்பவர் செய்யக்கூடாது.