காக்கப்பட்ட வீடும் கைவிடப்பட்ட நினைவும்

பெரும் எழுத்தாளர் ஒருவர் இளமையில் வாழ்ந்த வீட்டினை அழியாது காத்தல் இன்று பல நாடுகளிலும் வழக்கமாகிவிட்டது. அத்தகைய வீட்டைக் காணச் செல்வோர் அங்கே எதனை நாடிச் செல்கின்றனர்? படைப்பின் ஊற்றுக்கண்ணை நேரிற் காணலாம் என்பதே பலரது எதிர்பார்ப்பு. ஆயின், சுவரும் கூரையும் ஒரு மனிதனின் இளமையைத் தம்முட் பேணி வைத்திருக்க வல்லனவா? வல்லனவெனின், அவ்விளமையின் எப்பகுதியைப் பேணுகின்றன, எப்பகுதியை விட்டுவிடுகின்றன? இது கட்டடம் பற்றிய வினாவன்று. அறம் பற்றிய வினாவாகும். இதனை ஆராய்வதற்கு அமெரிக்க எழுத்தாளர் மார்க் ருவெயின் வளர்ந்த வீடு தக்கதோர் எடுத்துக்காட்டாக அமைகின்றது.

சாமுவேல் கிளெமென்ஸ் என்னும் இயற்பெயருடைய ருவெயின் 1835இற் பிறந்தார். 1839இல் அவரது குடும்பம் மிசூரி மாநிலத்தில், மிசிசிப்பி நதிக்கரையிலுள்ள ஹனிபல் என்னும் சிற்றூரிற் குடியேறியது. 1853இல் வெளியுலகம் நோக்கிப் புறப்படும்வரை அவர் வளர்ந்த ஊர் அதுவே. அக்குடும்பம் வாழ்ந்த, வெள்ளைப் பலகைச் சுவர்களையுடைய இருமாடி வீடு 1911இல் இடிக்கப்படும் நிலையில் இருந்தது. ஜோர்ஜ் மஹான் என்னும் வழக்கறிஞர் அதனை விலைக்கு வாங்கி, 1912இல் நகருக்கு வழங்கினார்.

அவ்வீட்டைக் காணச் செல்வோரின் கண்ணை முதலிற் கவர்வது அதன் அருகே நிற்கும் வெள்ளை வேலியாகும். 1876இல் வெளிவந்த 'ரொம் சோயர்' நாவலில், வேலிக்கு வெள்ளையடிக்குமாறு பணிக்கப்பட்ட சிறுவன் அதனை இன்பமான விளையாட்டெனக் காட்டித் தன் தோழரைக் கொண்டே செய்து முடிக்கின்றான். அந்நிகழ்ச்சியை நினைவூட்டவே இவ்வேலி நிற்கின்றது. ஆண்டுதோறும் ஜூலை மாதத்திற் சிறுவர்க்கு வேலி வெள்ளையடிக்கும் போட்டியும் இவ்வூரில் நடைபெறுகின்றது. தெருவின் எதிர்ப்புறத்தில் லோறா ஹோக்கின்ஸ் என்னும் சிறுமி வாழ்ந்த வீடு உண்டு. அவளை முன்மாதிரியாகக் கொண்டு படைக்கப்பட்ட பெக்கி தச்சர் என்னும் பாத்திரத்தின் பெயராலேயே அவ்வீடு அறியப்படலாயிற்று. வாழ்க்கையிலிருந்து கதை பிறந்தது. பின்னர் கதையே வாழ்க்கையின் இடத்தைப் பற்றிக்கொண்டது. கற்பனைக்கு ஓர் ஊர் செய்யும் மரியாதை இது. இதனைக் குறைகூற வேண்டியதில்லை. ஆயினும், அவ்வெள்ளை வேலிக்குப் பின்னால் மறைந்துபோனது யாது என வினவுதல் நமது கடனாகும்.

மிசூரி அடிமைமுறை நிலவிய மாநிலம். ருவெயினின் தந்தையார் அடிமைகளை உடைமையாகக் கொண்டிருந்தவர். அடிமைகள் தப்பியோட உதவ முயன்ற மூவரை 1841இற் குற்றவாளிகளெனக் கண்ட யூரர் சபையில் அவரும் ஒருவராக இருந்தார். ஹனிபலில் அக்குடும்பம் சாண்டி என்னும் அடிமைச் சிறுவனை வாடகைக்கு அமர்த்தியிருந்தது. தொலைவிலுள்ள மேரிலாந்திலிருந்து, உற்றாரினின்றும் பிரித்துக் கொண்டுவரப்பட்டவன் அவன். அவன் ஓயாது பாடுவதைப் பொறாத சிறுவன் சாமுவேல் தாயிடம் முறையிட்டான். தாயோ கண்கலங்கினார். அவன் பாடும்போது தன் துயரை மறந்திருக்கிறான்; மௌனமாயிருக்கும்போதே தமக்கு அச்சமுண்டாகிறது; அவன் தன் தாயை இனி ஒருபோதும் காணப்போவதில்லை என்பது அவர் கூறிய மறுமொழியின் சாரம். இத்துணை இரக்கமுள்ள அத்தாயும் அடிமைமுறையைத் தவறென எண்ணவில்லை என்பதையும் ருவெயினே தம் சுயசரிதையிற் பதிவு செய்துள்ளார். தேவாலயப் பிரசங்கமும் ஊர்ப் பத்திரிகையும் அதனைக் கண்டிக்காத சூழலில், நல்லோரின் மனச்சாட்சியும் உறங்கிவிடுகின்றது.

ருவெயினின் மனச்சாட்சியை விழிக்கச் செய்ததும் அவ்வீடன்று. உலகைச் சுற்றி விரிவுரை நிகழ்த்தப் புறப்பட்ட அவர், 1896 ஜனவரியிற் கொழும்பைக் கண்டு, பின்னர் பம்பாயை அடைந்தார். அங்கு விடுதியில் ஐரோப்பியர் ஒருவர், பிழை யாதெனவும் கூறாது, இந்தியப் பணியாளன் ஒருவனைக் கன்னத்தில் அறைந்தார். அவன் அதனை வாய்திறவாது ஏற்றுக்கொண்டான். அக்கணமே ருவெயினின் உள்ளம் ஐம்பது ஆண்டுகளைக் கடந்து மிசூரிக்குத் திரும்பியது. அடிமைச் சிறுவனைத் தம் தந்தையார் சிறு பிழைகளுக்காக அறைந்தமையும், பத்து வயதிற் கண்ட ஒரு கொலையும் அவர் நினைவில் எழுந்தன. ஒருவன் சினங்கொண்டு எறிந்த இரும்புத்தாதுக் கட்டியால் அடிமையொருவன் ஒரு மணி நேரத்தில் உயிர்நீத்தான். 1897இல் வெளிவந்த பயண நூலில் இவற்றை அவர் எழுதியுள்ளார். ஹனிபலின் சுவர்கள் கூறாததைப் பம்பாயில் விழுந்த ஓர் அறை கூறிவிட்டது. இளமையின் உண்மையான இருப்பிடம் மண்ணிலன்று, நினைவிலேயே உள்ளது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

குழந்தைமை களங்கமற்றது, அதனை நாடி வருவோர் முன் பழைய கொடுமைகளை விரித்துரைத்தல் முறையா எனச் சிலர் வினவலாம். குழந்தை களங்கமற்றது என்பது உண்மையே. ஆனால் ஒரு குழந்தையின் விளையாட்டுக்கு இன்னொரு குழந்தையின் உழைப்பு துணைநின்றதாயின், முன்னையதை மட்டும் காத்தல் நடுவுநிலையாகாது. ருவெயின் தம் தந்தையையோ தாயையோ மறைத்து எழுதினாரல்லர். அவர்கள்மீது கொண்ட அன்பையும் விட்டாரல்லர். அன்பும் உண்மையும் ஒருங்கே இயங்கலாம் என்பதை அவர் எழுத்தே காட்டுகின்றது. எழுத்தாளன் தனக்கு அளிக்காத சலுகையை அவன் வீட்டைக் காப்போர் அவனுக்கு அளிப்பது அவனைப் போற்றுவதாகாது, அவனைச் சிறுமைப்படுத்துவதேயாகும்.

'ஹக்கிள்பெரி பின்' நாவலில் விடுதலை தேடி ஓடும் ஜிம் என்னும் அடிமையின் பெயரைத் தாங்கி, ஹனிபலின் கறுப்பின மக்களது வரலாற்றைக் கூறும் அருங்காட்சியகம் 2013இல் அவ்வூரிலே திறக்கப்பட்டது. எழுத்தாளரின் வீடு காக்கப்பட்டு ஒரு நூற்றாண்டு கழிந்த பின்னரே இது நிகழ்ந்தது. மரப்பலகையைக் காத்தல் எளிது. நினைவு முழுவதையும் காத்தல் அரிது என்பதை இக்கால இடைவெளி உணர்த்துகின்றது.

எனவே, இத்தகைய வீடுகளைக் காத்தல் வேண்டும். ஆனால் அவற்றை வழிபாட்டிடங்களாக்குதல் ஆகாது. எழுத்தாளன் எங்கு உறங்கினான், எங்கு விளையாடினான் என்பதை அறிவதோடு பார்வையாளன் அமைதல் போதாது. அவ்வீட்டில் யார் யார் உழைத்தனர், எவர் பெயர் சுவரில் இடம்பெறவில்லை என்றும் அவன் வினவவேண்டும். அவ்வினாவை எழுப்பும் வீடே இலக்கியத்துக்கு உரிய நினைவிடமாகும்.