இரண்டாவது மூட்டை

2020 மார்ச் கடைசி வாரம். ஊரடங்கு அறிவித்த மறுநாள் எங்கள் தெரு மளிகைக்கடை வாசலில் நீண்ட வரிசை. வீட்டுக்கு ஒரு மூட்டை அரிசிதான் என்று அண்ணாச்சி கறாராகச் சொல்லிவிட்டார். நான் ஒன்றை வாங்கி வந்தேன். அரைமணி நேரம் கழித்து, "கேட்டா மாமா வீட்டுக்குன்னு சொல்லுடா" என்று மகனை அனுப்பி இன்னொன்றையும் வாங்கினேன். அது நேராகப் பரணுக்கு ஏறியது. ஆவணியில் இறக்கிப் பிரித்தால் அரிசி முழுக்க வண்டு.

முறத்தில் போட்டுப் புடைக்கும்போது மன்னாவின் கதை நினைவுக்கு வந்தது. எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து வெளியேறி வனாந்தரத்தில் திரிந்த இஸ்ரவேலருக்குக் காலைதோறும் வானத்திலிருந்து உணவு விழுந்தது. தலைக்கு ஒரு ஓமர் அளவு. மறுநாளுக்கு மிச்சம் வைக்கக் கூடாது என்றார் அவர்களை வழிநடத்திய மோசே. சிலர் வைத்தார்கள். விடிந்து பார்த்தால் புழுத்து நாறிக் கிடந்தது.

பேராசைக்குக் கிடைத்த தண்டனை என்றுதான் அதை வெகுகாலம் நினைத்திருந்தேன். இப்போது மிச்சம் வைத்த அந்தக் கூடாரத்துக்காரனை எனக்கு நன்றாகத் தெரிகிறது. ஒரு மாதத்துக்கு முன்புவரை அவன் அடிமை. நாளைக்கும் சோறு உண்டு என்று நம்ப அவனை யாரும் பழக்கவில்லை. பிள்ளைகள் தூங்கியபின் ஒரு கிண்ணத்தை மூடி ஒளித்து வைத்திருப்பான்.

என் வாழ்க்கையிலும் ஆசை வந்து இழுத்து வழுக்கியது கொஞ்சம்தான். பயம் பின்னாலிருந்து தள்ளி வழுக்கியதே அதிகம். சொல்லாமல் விழுங்கிய உண்மை, வேண்டாதவரிடம் காட்டிய பல்லிளிப்பு, மகனுக்குச் சொல்லிக்கொடுத்த பொய் எல்லாவற்றுக்கும் 'நாளைக்கு என்ன ஆகுமோ' என்பதுதான் தொடக்கம்.

தீமையின் பக்கம் சாயும் மனப்போக்கை யூதர்கள் 'யேட்சர் ஹரா' என்பார்கள். அவர்களின் பழைய போதனைத் தொகுப்பான தால்மூதில் அதைப் பற்றி ஒரு கதை. ஞானிகள் ஒருமுறை அந்த நாட்டத்தைப் பிடித்துச் சிறை வைத்தார்கள். மூன்றே நாளில், நாடு முழுக்கத் தேடியும் அன்றிட்ட முட்டை ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. ஏனென்றால், வீடு கட்டவும் பிள்ளை பெறவும் நம்மைத் தூண்டுவது அதே வேகம்தான். அதை ஒரேயடியாகக் கொன்றுவிட முடியாது. என் இரண்டாவது மூட்டையிலும் பிள்ளைகள் மேல் வைத்த பாசம் இருந்தது. அந்தப் பாசம்தான் பொய்யை அவ்வளவு சுலபமாக்கியது.

கொல்லக் கூடாது, அடக்க வேண்டும் என்றால், எதைக் கொண்டு? 11ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினில் வாழ்ந்த பஹ்யா இப்னு பக்கூதா 'இதயத்தின் கடமைகள்' என்ற நூலை அரபியில் எழுதினார். 'வாசல்' என்று அவர் பெயரிட்ட அதன் பத்துப் பகுதிகளில் ஒன்று முழுக்கக் கடவுள் நம்பிக்கையைப் பற்றியது. கடவுளைப் பற்றாதவன் எதையும் பற்றாமல் இருப்பதில்லை. வேறொன்றைப் பற்றியிருப்பான், கடைசியில் அதன் கையிலேயே விடப்படுவான் என்பது அவர் வாதம். சும்மா உட்கார்ந்திருக்க அவர் சொல்லவில்லை. உழுவது கடமை; சோறு போடுவது கலப்பைதான் என்று எண்ணுவதுதான் பிசகு. இந்த நம்பிக்கைக்கு எபிரேயத்தில் 'பித்தஹோன்' என்று பெயர். இன்றைய இஸ்ரேலின் பாதுகாப்பு அமைச்சகப் பெயரிலும் அதே சொல்தான் இருக்கிறது. சாய்ந்துகொள்ள மனிதனுக்கு ஏதாவது ஒன்று வேண்டும். நான் அரிசி மூட்டையில் சாய்ந்தேன்.

ஆசையை வென்றவனுக்கும் இந்த நம்பிக்கை எளிதில்லை. எகிப்தில் தன் எஜமான் போத்திபாரின் மனைவி ஆசைகாட்டி இழுத்தபோது மேலாடையை அவளிடமே விட்டுவிட்டு ஓடிய யோசேப்பு, பிறகு சிறையில், விடுதலையாகவிருந்த அரசனின் பானபாத்திரக்காரனிடம் தன்னை மறந்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான். மனிதனை நம்பியதற்காக இன்னும் இரண்டு வருடம் உள்ளே கிடந்தான் என்று பழைய யூத உரைகள் சொல்கின்றன. கைதி உதவி கேட்டது ஒரு குற்றமா? எனக்கு இது கொடுமையாகவே படுகிறது. ஆனால் முதல் சோதனையில் அவனைக் காப்பாற்றியது எது என்று தால்மூத் சொல்லும் விளக்கம் மனதில் நிற்கிறது. அந்த நேரத்தில் ஜன்னலில் அவன் அப்பாவின் முகம் தெரிந்ததாம்.

எனக்கு அன்று ஒரு முகமும் தெரியவில்லை. தெரியக் கூடாது என்றுதான் மகனை அனுப்பினேன்.

மன்னா கதையில் இன்னொன்றும் உண்டு. வெள்ளிக்கிழமை மட்டும் இரண்டு பங்கு எடுக்கலாம். மறுநாள் ஓய்வுநாளுக்கென்று எடுத்துவைத்த அந்தப் பங்கில் புழு வைக்கவில்லை. அதன் நினைவாக இன்றும் யூத வீடுகளில் ஓய்வுநாள் மேசைமேல் இரண்டு ரொட்டி இருக்கும். ஆக, எடுத்துவைப்பதில் தப்பில்லை. தனக்கென்று தரப்பட்டதை எடுத்துவைப்பது வேறு, அடுத்தவர் பங்கை ஒளித்துவைப்பது வேறு.

எங்கள் வீட்டுப் பரணில் இப்போது பழைய மின்விசிறியும் கொலுப் பெட்டியும்தான். என் நம்பிக்கை ஒன்றும் மலையளவு வளர்ந்துவிடவில்லை. மாதக் கடைசியில் அரிசி டப்பாவைத் தட்டிப் பார்க்கும் பழக்கம் போகவில்லை. ஆனால் கடைக்கு நானேதான் போகிறேன். வரிசையில் நிற்க நேர்ந்தால், ஒருமுறை பின்னால் திரும்பிப் பார்த்துக்கொள்கிறேன்.